இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்: இசைத் திருவிழாவில் கைபேசியால் நல்ல படம் எடுப்பது எப்படி?

இசைத் திருவிழாவில் கைபேசியால் எடுத்த படங்கள் பெரும்பாலும் ஒரே விதத்தில்தான் கெட்டுப்போகின்றன. பாடுபவரின் முகம் கண், மூக்கு எதுவும் தெரியாத வெள்ளைத் திட்டாக நிற்கும். கன்னங்கரேல் என்று இருந்திருக்க வேண்டிய இரவு வானம் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கிட்டார் வாசிப்பவரின் கை கரைந்துபோயிருக்கும். நேரில் மெய்சிலிர்க்க வைத்த மேடை படத்தில் உயிரற்றுக் கிடக்கும்.

தன் கைபேசி மலிவானது, அதனால்தான் இப்படி ஆகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். விலை உயர்ந்த கைபேசியிலும் இதே கோளாறு வரும். கோளாறுக்குக் காரணம் கேமராவின் உள்ளே நடக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், இப்போது கையில் இருக்கும் கைபேசியிலேயே படங்கள் அன்றிரவே மேம்படும்.

கேமராவின் கணக்கு

கைபேசியை மேடை நோக்கித் தூக்கியதும், திரையில் தெரியும் காட்சி மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று கேமரா அளக்கிறது. பிறகு, படம் நடுத்தர வெளிச்சத்தில் அமையும்படி ஒளியளவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. கேமராக்காரர்கள் எக்ஸ்போஷர் என்று சொல்வது இந்த ஒளியளவைத்தான். பகலில் ஒரு மரத்தையோ மனிதரையோ எடுக்கும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். இரவு மேடை வேறு விதமானது. திரையில் பத்தில் ஒன்பது பங்கு இருட்டு. நடுவில் சிறு இடத்தில் மட்டும் கண் கூசும் வெளிச்சம். கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டு, காட்சி போதிய வெளிச்சமில்லாமல் இருக்கிறது என்று முடிவு கட்டி ஒளியளவை உயர்த்துகிறது. இருட்டு சாம்பலாகிறது, முகம் வெளுத்துப் போகிறது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். மேடையின் பின்னால் மிகப் பெரிய எல்இடி திரை பளபளத்துக்கொண்டிருந்தால், கேமரா அதைக் கணக்கில் எடுத்து ஒளியளவைக் குறைத்துவிடும். முன்னால் நிற்கும் பாடகர் வெறும் நிழலுருவமாகிவிடுவார். இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்: எது முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

ஆகவே, அதற்குச் சொல்ல வேண்டும். கேமரா செயலியில் பாடுபவரின் முகத்தின் மேல் விரலை வைத்து ஓரிரு நொடி அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் ஒளியளவும் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சிறு சூரியன் அல்லது நகர்த்தும் கோடு தோன்றும். அதைக் கீழ்நோக்கி இழுத்தால் படம் இருளும். முகத்தில் கண்ணிமையும் கன்னத்தின் வளைவும் தெரியத் தொடங்கும்வரை இழுங்கள். எண்களில் அமைக்கும் வசதி இருந்தால் -0.7 முதல் -1.5 வரை வைத்துத் தொடங்கலாம். திரையில் மற்றவை எல்லாம் கறுத்துப்போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேடையைச் சுற்றிய இருட்டுதான் அந்த வெளிச்சத்துக்கே அழகைத் தருகிறது. இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரமிருந்தால், இதைச் செய்து பாருங்கள் என்பேன்.

இருட்டாக எடுப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. சற்று இருண்டுவிட்ட பகுதியைப் பிறகு திருத்தும்போது ஓரளவு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். முற்றிலும் வெளுத்துப்போன பகுதியில் எந்தத் தகவலும் மிஞ்சியிருக்காது. எந்தச் செயலியாலும் அங்கே ஒரு கண்ணை மீட்டுக் கொண்டுவர முடியாது.

அசைவும் ஷட்டரும்

கைபேசியின் ஒளி உணரும் சில்லான சென்சார் மிகச் சிறியது. தொழில்முறைக் கேமராக்களின் முழுச்சட்டச் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. உயர்தரக் கைபேசியின் முதன்மைக் கேமராவிலேயே அகலம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். மழைநீர் பிடிக்க ஒருவர் அண்டா வைக்கிறார், இன்னொருவர் டம்ளர் வைக்கிறார். கைபேசியின் நிலை இரண்டாமவருடையது. டம்ளர் நிரம்ப வேண்டுமானால் அதிக நேரம் வைத்திருக்க வேண்டும்.

அந்த நேரம்தான் ஷட்டர் வேகம். 1/30 நொடி என்றால் அவ்வளவு நேரமும் சென்சார் ஒளியைச் சேகரிக்கிறது. அதற்குள் கிட்டார்க்காரரின் கை நகர்ந்துவிடுகிறது. படத்தில் அது கரைந்து தெரிகிறது. நின்று பாடுபவருக்கு 1/125 நொடி போதும். ஆடுபவருக்கு 1/250 வேண்டும். டிரம் குச்சிகளை உறைய வைக்க 1/500 அல்லது அதற்கும் மேல் தேவைப்படும். ஷட்டர் வேகமாகும்போது உள்ளே வரும் ஒளி குறையும். பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸின் துளை மாறாதது என்பதால், இழந்த ஒளியை ஐஎஸ்ஓ என்ற மின்பெருக்கத்தை உயர்த்தித்தான் ஈடுகட்ட முடியும். 1/60 நொடிக்கு ஐஎஸ்ஓ 400 போதுமானதாக இருந்த அதே காட்சிக்கு, 1/250 நொடியில் ஏறக்குறைய 1600 வேண்டும். ஐஎஸ்ஓ உயர உயரப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடும். புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கரைந்துபோன முகத்தை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. புள்ளிகள் உள்ள கூர்மையான முகத்தைப் பார்ப்பார்கள்.

புரோ என்ற கைமுறை அமைப்பு பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உண்டு; மற்றவற்றில் அதற்கென்று செயலிகள் கிடைக்கின்றன. அதில் ஷட்டரை 1/200 அருகே நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டுவிடுவது தொடக்கநிலையில் இருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. அந்த வசதி இல்லையென்றாலும் அசைவை வெல்ல ஒரு வழி இருக்கிறது. மேலே எம்பிக் குதிப்பவர் உச்சியை அடையும்போது ஒரு கணம் ஏறக்குறைய அசைவற்று நிற்கிறார்; மேலே போகும் வேகம் தீர்ந்து, கீழே வரும் வேகம் இன்னும் தொடங்காத கணம் அது. நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும் பாடகர், வில்லைத் திசை மாற்றும் வயலின்காரர், அடிக்கக் கையை ஓங்கிய டிரம்மர் என எல்லோரிடமும் இப்படி ஓர் இடைநிறுத்தம் உண்டு. அதைக் குறிவைத்துத் தொடர்படம் எடுங்கள். ஐஃபோனில் ஷட்டர் பொத்தானை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்தால் தொடர்ந்து படங்கள் விழும். பிற கைபேசிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தோ இழுத்துப் பிடித்தோ இதைச் செய்யலாம்.

இரவுப் படமுறையான நைட் மோடை மேடைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு நொடி, சில நேரம் மூன்று நொடி அளவுக்குப் பல படங்களைச் சேகரித்து ஒன்றாக்குவதுதான் அது செய்யும் வேலை. அசையாத கட்டடத்துக்கு அது அற்புதமாகப் பொருந்தும். ஆடிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு தலையும் நான்கு கையும் முளைக்கலாம். பல கைபேசிகளில் இருட்டைக் கண்டதும் அது தானாகவே விழித்துக்கொள்ளும் என்பதால், நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அணைத்துவிடுங்கள். கச்சேரி முடிந்தபின் விளக்குகள் எரியும் கூடாரங்களையும் வளைவுகளையும் எடுக்க அது கைகொடுக்கும்.

விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மேடை விளக்குகள் ஏனோதானோவென்று எரிவதில்லை. யாரோ ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் அவற்றைத் திட்டமிட்டிருக்கிறார். சரணம் பாடும்போது ஒளி அடங்கியிருக்கும். பல்லவி வரும்போது முன்விளக்குகள் திறந்துகொள்ளும். பெரிய தாளம் விழும் இடத்தில் எல்லாம் ஒருசேரப் பளிச்சிடும். ஒரே பாட்டில் பல்லவி மூன்று நான்கு முறை வரும், ஒளியமைப்பும் பெரும்பாலும் அதே வரிசையில் திரும்பும். முதல் பல்லவியில் கைபேசியைத் தாழ்த்திவைத்து வெறுமனே கவனியுங்கள்: முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது, எந்தச் சொல்லில் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. இரண்டாவது பல்லவிக்குத் தயாராக இருங்கள். இந்தக் காத்திருப்பில்தான் நல்ல படம் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஐம்பது முறை கண்மூடித்தனமாகத் தட்டுவதைவிட, வெளிச்சம் வரும் இடம் தெரிந்து ஐந்து முறை தட்டுவது மேல்.

நிறங்களில் எச்சரிக்கை தேவை. தூய நீலமும் தூய சிவப்பும் கைபேசிக்குப் பெரும் சோதனை. சென்சாரில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. பெரும்பாலான சென்சார்களில் நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு தொகுப்பில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்த அடுக்கு இது. 1976இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மேடை முழுக்க நீல ஒளி மட்டும் நிரம்பியிருந்தால் நான்கில் ஒரு புள்ளிதான் உருப்படியாக வேலை செய்கிறது. அந்த ஒன்றும் அளவுக்கு மீறிய ஒளியால் நிரம்பி வழிந்துவிடும். அதனால்தான் நீல ஒளியில் முகம் களிமண் பொம்மைபோல வழவழவென்று ஆகிவிடுகிறது. வெள்ளையோ இளமஞ்சளோ கலக்கும்வரை பொறுத்திருங்கள். பாட்டு முழுவதும் நீலமே என்றால் ஒளியளவை இன்னும் தாழ்த்துங்கள், அல்லது முகத்தை விட்டுவிட்டு உருவத்தின் வெளிக்கோட்டை எடுங்கள்.

பின்விளக்கு எரியும் நேரம் அப்படிப்பட்ட படத்துக்கென்றே அமைந்தது. பாடகர் விளக்கை மறைக்கும்படி நீங்கள் ஓரடி நகர்ந்து நின்றால், தலைமுடி ஓரம் ஒளிக்கோடாக எரியும். மேடையில் புகை விட்டிருந்தால் ஒளிக்கற்றைகள் தூண்கள்போலத் தெரியும். புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கற்றை நம் கண்ணுக்குத் தெரிகிறது. புகை கலைந்ததும் கற்றையும் மறைந்துவிடும். ஆகவே புகை படர்ந்திருக்கும்போது மேடை முழுவதையும் அகலமாக எடுங்கள், கலைந்தபின் முகங்களுக்குப் போங்கள்.

சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். எல்இடி விளக்குகளில் பல நம் கண் உணர முடியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கைபேசிச் சென்சாரோ படத்தை வரிவரியாக வாசிக்கிறது. விளக்கு அணைந்திருந்த நேரத்தில் வாசிக்கப்பட்ட வரிகள் கறுத்துவிடுகின்றன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியிலும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120 நொடியிலும் வைத்துப் பாருங்கள், பட்டைகள் மறையலாம். மேடை விளக்குகள் பலவற்றுக்குத் தனித் துடிப்பு உண்டு என்பதால் இது எப்போதும் பலிக்காது. அப்போது ஷட்டரைச் சற்று மெதுவாக்கி, அசைவு குறைந்த கணத்துக்குக் காத்திருப்பதுதான் வழி.

லேசர் கற்றைகள் பார்வையாளர்கள் பக்கம் பாயும்போது கைபேசியைத் தாழ்த்திவிடுங்கள். நேராக லென்ஸுக்குள் விழும் லேசர் சென்சாரில் நிரந்தரப் புள்ளியையோ கோட்டையோ எரித்துவிடக்கூடும். அதைச் சரிசெய்ய முடியாது.

எங்கே நிற்பது

முன்வரிசைதான் சிறந்த இடம் என்று சொல்லிவிட முடியாது. உயரமான மேடைக்கு மிக அருகில் நின்றால் முகத்துக்குப் பதில் தாடையும் மூக்குத் துவாரமும்தான் கிடைக்கும். சற்றே பின்வாங்கி, நடுவிலிருந்து பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். வலது கையில் மைக் பிடிக்கும் பாடகரை நம் இடப்பக்கத்திலிருந்து எடுத்தால் கையும் மைக்கும் முகத்தை மறைக்கும். நம் வலப்பக்கத்திலிருந்து எடுத்தால் முகம் திறந்திருக்கும். வரி முடிந்து மைக்கை வாயிலிருந்து இறக்கும் நொடியும் நல்ல நொடி.

கூட்டத்தின் நடுவே ஒலியையும் ஒளியையும் இயக்கும் மேசைக் கூடாரம் இருக்கும். அதன் முன்னால் உள்ள தடுப்புக்கம்பியருகே இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஒளியமைப்பாளர் மேடையைப் பார்ப்பது அந்தத் திசையிலிருந்துதான் என்பதால், விளக்குகளின் முழு வடிவமும் அங்கிருந்து ஒழுங்காகத் தெரியும். சாய்ந்துகொள்ளவும் ஆதாரம் கிடைக்கும். சாய ஒன்றும் இல்லாத இடத்தில் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை மெல்ல விட்டபடி ஒலிப் பொத்தானை அழுத்திப் படமெடுங்கள். கை நடுக்கம் குறையும்.

ஜூம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்கும்போது, தொலைவில் உள்ளதை நெருக்கமாகக் காட்டும் தனி டெலி லென்ஸ் உள்ள அளவுவரை, அதாவது கைபேசியைப் பொறுத்து 2, 3 அல்லது 5 மடங்குவரை, உண்மையான விவரம் கிடைக்கும். அதைத் தாண்டினால் கைபேசி படத்தை வெட்டி இழுத்துப் பெரிதாக்குகிறது. வெளிச்சம் போதாத இடத்தில் பல கைபேசிகள் டெலி லென்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகும் சத்தமில்லாமல் முதன்மைக் கேமராவிலிருந்தே வெட்டி எடுக்கின்றன. டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை கறுக்கவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை என்று அறியலாம். அப்போது ஜூமை விட்டுவிட்டு, மேடையைச் சிறிதாகவும் கூட்டத்தைப் பெரிதாகவும் வைத்து ஒரு அகலப் படம் எடுப்பது நல்லது.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் ஒளி இரண்டு மூன்று மீட்டருக்குத்தான் பயன்படும். தொலைவு பத்து மடங்கானால் போய்ச் சேரும் ஒளி நூறில் ஒரு பங்காகும். 30 மீட்டர் தள்ளியிருக்கும் மேடைக்கு அது எட்டாது. முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும்.

மேடைக்கு முதுகைக் காட்டுங்கள்

1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவை இன்றும் உலகுக்கு நினைவூட்டும் படங்களில் ஒன்று பர்க் அஸல் என்ற படக்கலைஞர் எடுத்தது. அதில் மேடையே இல்லை. விடியற்காலையில் ஒரே போர்வைக்குள் அணைத்தபடி நிற்கும் ஓர் இளம் இணையும், அவர்களைச் சுற்றிப் படுத்துக்கிடக்கும் கூட்டமும்தான். மேடையில் நிற்பவரைத் தொழில்முறைக் கலைஞர்கள் பெரிய லென்ஸ்களோடு எடுத்துவிடுவார்கள். உங்கள் தோழி தனக்குப் பிடித்த பாட்டின் முதல் சுரம் கேட்டதும் காட்டும் முகத்தை உங்களால் மட்டும்தான் எடுக்க முடியும். மேடை விளக்கு கூட்டத்தின் மேல் திரும்பும் கணத்தில் நீங்களும் திரும்புங்கள். தோள்மேல் அமர்ந்திருக்கும் குழந்தை, சேறு அப்பிய காலணிகள், நீட்டிய கைகளின் காடு எல்லாம் அந்த ஒளியில் கிடைக்கும். அறிமுகமில்லாதவரை நெருங்கி எடுப்பதாக இருந்தால் ஒரு சைகையிலாவது அனுமதி கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பகல் நிகழ்ச்சிகளில் உச்சிவெயில் கண்குழிகளில் கரிய நிழலைப் போடும். அந்த நேரத்தில் பந்தல்களின் நிழலுக்குள் நின்று எடுங்கள். மாலையில் சூரியன் இறங்கும் கடைசி ஒரு மணி நேரமும், அது மறைந்தபின் வானம் கருநீலமாக நிற்கும் அரை மணி நேரம் போன்ற சிறு இடைவெளியும் மிக உயர்ந்தவை. மேடை விளக்கும் வானமும் ஏறக்குறைய ஒரே ஒளியளவில் இருப்பது அப்போதுதான். கேமராவின் கணக்குக்கூடச் சரியாக வரும். சாப்பிட வேறு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பு

லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் கையிலும் புழங்கும் கைபேசியின் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். மேடை விளக்கு ஒவ்வொன்றும் அதில் பட்டு நீண்ட ஒளிக்கீற்றாக இழுபடும். மென்மையான பருத்தித் துணி போதும். விழா நடக்கும்போதும் அவ்வப்போது துடையுங்கள்.

பெருங்கூட்டத்தில் சிக்னலைத் தேடித் தேடியே கைபேசியின் மின்கலம் தீர்ந்துவிடும். யாரையும் தொடர்புகொள்ளத் தேவையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வையுங்கள். சேமிப்பிடத்தையும் முன்னதாகவே காலி செய்யுங்கள். ஐஃபோனில் 4கே காணொளியை நொடிக்கு 60 சட்டங்களாக எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி ஆகும். காணொளி எடுப்பதானால் ஒரு பாட்டில் முப்பது நொடி எடுங்கள், போதும். கைபேசியை மார்பு உயரத்தில் அல்லது முகத்துக்கு நேராகப் பிடியுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பின்னால் நிற்பவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார்.

கச்சேரிகளில் பத்திரிகைப் படக்கலைஞர்களுக்கு முதல் மூன்று பாட்டுகளுக்கு மட்டுமே, அதுவும் ஃப்ளாஷ் இல்லாமல், அனுமதி தருவது உலகின் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இந்த வரம்பை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். எந்த மூன்று பாட்டு என்பதை மட்டும் உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுங்கள். 1967 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் மாண்டரே இசைவிழாவில் ராக் இசைக்கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் கிட்டாருக்குத் தீ மூட்டியதைப் படமெடுத்த எட் கராஃபுக்கு அப்போது 17 வயது. ஃபிலிம் சுருளில் எண்ணிக்கையாகத்தான் படங்கள் இருக்கும். தீ எழும்பிய நேரத்தில் அவரிடம் இன்னும் ஒரு படத்துக்கு இடம் மிச்சமிருந்தது. உங்கள் கைபேசியில் ஆயிரம் படத்துக்கு இடமிருந்தாலும், இறுதிப் பாட்டுக்கான மின்கலத்தை ஒதுக்கிவையுங்கள். வாணவேடிக்கையும் காகிதப் பொழிவும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

திருத்தும்போது மூன்று வேலைகள் போதும். முதலில் தேவையற்ற தலைகளையும் வெற்றிடத்தையும் வெட்டுங்கள். அடுத்து ஹைலைட் என்ற அதிவெளிச்சப் பகுதியைக் குறைத்து, கறுப்பை இன்னும் ஆழமாக்குங்கள். சாம்பல் பூத்த பின்னணி மறுபடி இரவாகும். மூன்றாவது, சிவப்பிலோ நீலத்திலோ மூழ்கிப்போன படத்தை அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தின் சுமை நீங்கியதும் அதற்குள்ளிருந்து ஒரு நல்ல முகம் வெளிவருவது உண்டு. புள்ளிகளும் கறுப்பு வெள்ளையில் அவ்வளவாக உறுத்தாது. தொடர்படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயங்கினால் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் கூர்மையாக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம்.